அந்தம்மா கேட்டா சொல்லுவாரு

இலக்கிய நண்பர்கள் கூடும் இடத்தில் 'சொல்வதெல்லாம் உண்மை' என்று பேச்செடுத்துப் பாருங்கள். ஒருவர் சிரிப்பார், ஒருவர் முகம் சுளிப்பார், மூன்றாமவர் அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தைக் குரல் மாற்றிச் சொல்லிக் காட்டுவார். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் தமிழ்நாட்டின் சிறுநகரங்களிலும் கிராமங்களிலும் இவ்வளவு பேர் உட்கார்ந்து பார்த்த ஒன்றைப் பற்றி, வாழ்க்கையை எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளும் நம் சிற்றிதழ்ச் சூழல் அநேகமாக எதையும் எழுதவில்லை. அந்த நிகழ்ச்சியின் நாற்காலியில் அமர்ந்திருந்தவரைப் பற்றி யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

லட்சுமி ராமகிருஷ்ணன் தொலைக்காட்சியிலேயே வளர்ந்தவர் அல்லர். ஓமனில் பல ஆண்டுகள் வாழ்ந்து, அங்கே நிகழ்ச்சி ஏற்பாட்டுத் தொழில் செய்துவிட்டு, நடுவயதில் சினிமாவுக்கு வந்தவர். 2006இல் லோகிததாஸ் இயக்கிய 'சக்கர முத்து' என்ற மலையாளப் படம்தான் தொடக்கம். 2008இல் கரு. பழனியப்பனின் 'பிரிவோம் சந்திப்போம்'. பிறகு தமிழ் சினிமா ஒரு நடுவயதுப் பெண்ணுக்கு எதைத் தருமோ அதைத் தந்தது. அம்மா வேடங்கள், அக்கா வேடங்கள், கதாநாயகனுக்குச் சோறு போடும் வேடங்கள். 2011இல் மிஷ்கினின் 'யுத்தம் செய்' படத்துக்காகத் தலையை மொட்டையடித்துக்கொண்டு நடித்தபோதுதான் பலர் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2012இல் 'ஆரோகணம்' மூலம் இயக்குநரானார். இருமுனை மனநோயுள்ள ஒரு தாயைப் பற்றிய படம் அது. விஜி சந்திரசேகர் நடித்திருந்தார். சிறிய செலவில் எடுத்த, பிசிறுகள் உள்ள, ஆனால் மனநோயைப் பேய்பிடித்தலாகவோ நகைச்சுவையாகவோ காட்டாத படம்.

இந்தக் காலகட்டத்தில்தான் ஜீ தமிழின் நாற்காலிக்கு வந்தார். அதில் முதலில் அமர்ந்திருந்தவர் நிர்மலா பெரியசாமி. சன் தொலைக்காட்சிச் செய்தியில் அவர் சொன்ன 'வணக்கம்' ஒன்றுக்காகவே நினைவிலிருப்பவர். அவருக்குப் பின் லட்சுமி ராமகிருஷ்ணன். இடையில் சிறிது காலம் சுதா சந்திரன், மறுபடி இவர். நிகழ்ச்சியின் அமைப்பு எளியது. புகார் சொல்பவர் ஒரு பக்கம், புகாருக்கு ஆளானவர் ஒரு பக்கம், நடுவில் கேட்பவர். கணவன் கைவிட்டது, காதலித்து ஏமாற்றியது, பெற்றோரை மகன் துரத்தியது, சொத்து, சந்தேகம், குடி. தலைப்பே நீதிமன்றக் கூண்டில் ஏறுகிறவர் எடுக்கும் உறுதிமொழியின் ஒரு துண்டு. கூண்டும் இல்லை, சட்டமும் இல்லை, உறுதிமொழி மட்டும் உண்டு.

நான் அப்போது பள்ளிபாளையத்தில் குடியிருந்தேன். காவிரிக்கு அந்தக் கரை ஈரோடு, இந்தக் கரை நாமக்கல் மாவட்டம். தெருவில் வீட்டுக்கு நான்கு தறி, ஆறு தறி. விசைத்தறி ஓடும் தெருவில் தொலைக்காட்சியைக் கேட்க முடியாது, பார்க்கத்தான் முடியும். பட்டறைக்கும் வீட்டுக்கும் ஒற்றைச் சுவர். ஒலியை முழுக்கக் கூட்டினாலும் நாடா ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஒரு சொல் போய்விடும். எனவே எங்கள் தெரு லட்சுமி ராமகிருஷ்ணனை ஏறக்குறைய ஊமைப்படமாகத்தான் பார்த்தது. அவர் முன்னால் சாய்வது, கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வது, ஒன்றும் சொல்லாமல் எதிரிலிருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருப்பது. இவற்றை வைத்தே வழக்கின் போக்கைப் பெண்கள் ஊகித்தார்கள். "பாருங், அந்தம்மா முன்னால சாஞ்சுட்டாங்க. இனி இவன் தப்பிக்க முடியாதுங்" என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. வசனம் கேட்காத ஒருவரின் விமரிசனம் அது. ஆனால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

2012இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. தறியும் பெட்டியும் ஒன்றாக நிற்கும். அந்த இருட்டில் வாசற்படிகளில் உட்கார்ந்து முந்தைய நாள் வழக்கைத் தெரு மறுவிசாரணை செய்யும். கேட்காமல் போன வசனங்களை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி இட்டு நிரப்பிக்கொள்வார்கள். நான் கேட்ட மிகச்சிறந்த கதைசொல்லல்கள் சில அந்த இருட்டில் நடந்தவை. பெரும்பாலான கதைகளில் கணவன், உண்மையில் திரையில் இருந்தவனைவிடக் கெட்டவனாக இருந்தான். சொல்பவர் தம் வீட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சேர்த்திருப்பார்.

சேலம் நாமக்கல் சமவெளியில் பஞ்சாயத்து என்பது புதிய விஷயமல்ல. கோயில் மேடையிலோ வேப்பமரத்தடியிலோ பெரியவர்கள் உட்காருவார்கள். பெண் நின்றுகொண்டிருப்பாள். பேசுவது அவள் அப்பனோ அண்ணனோ. தீர்ப்பு சாதியின் கௌரவத்தைக் காப்பாற்றும், பெண்ணைக் காப்பாற்றுவது அதன் வேலையல்ல. இந்த ஏற்பாட்டில் சினிமாவின் நாட்டாமைகள் கொஞ்சம் கருணையையும் நிறைய மீசையையும் சேர்த்தார்கள், அவ்வளவுதான். தொலைக்காட்சியிலும் நடுவில் உட்காரும் ஆண்கள் உண்டு. அரட்டை அரங்கத்தில் விசு இருந்தார். 2006இல் தொடங்கிய 'நீயா நானா'வில் கோபிநாத் நிற்கிறார். ஆனால் அங்கே பேசுபவர்கள் ஒரு தரப்பின் பகுதியாகப் பேசுகிறார்கள். மாமியார்கள், மருமகள்கள், இளைஞர்கள், பெற்றோர். வீடு திரும்பும்போது யாரும் தம் சொந்தக் கதையை அங்கே விட்டுவிட்டு வருவதில்லை.

'சொல்வதெல்லாம் உண்மை'யில் நடந்தது வேறு. நடுவில் உட்கார்ந்திருந்தது ஒரு பெண். ஆண் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "என்னப்பா, கேட்கிறேன் இல்ல?" என்ற தொனியில் ஒரு பெண் ஓர் ஆணைக் கேட்பதை எங்கள் தெருப் பெண்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992லேயே வந்துவிட்டது. சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு, குடும்ப நீதிமன்றம் உண்டு. ஆனால் இவை எல்லாம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறிப் போய்க் காத்திருந்து, 'அடுத்த மாதம் வா' என்பதைக் கேட்டுத் திரும்பும் இடங்கள். பெட்டிக்குள் இருப்பவர் அப்போதே கேட்டார். அதுதான் அவருடைய அதிகாரம். அந்த அதிகாரத்தை யார் அவருக்குக் கொடுத்தார்கள் என்ற கேள்வி படித்தவர்களுக்குத்தான் எழுந்தது.

எங்கள் தெருவில் தார் சுற்றும் அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய கணவர் ரிக் வண்டியில் சத்தீஸ்கருக்குப் போனவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை, ஆப்பிரிக்கா வரைக்கும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. போன ஆள் இரண்டாண்டுகள் வரவில்லை. பணமும் வரவில்லை. அங்கே இன்னொரு குடும்பம் இருப்பதாக, அதே வண்டியில் போய்வந்தவர்கள் சொன்னார்கள். பட்டறையில் அவர் பெயரில் வாங்கிய முன்பணத்தை இந்த அக்கா உழைத்துக் கழித்துக்கொண்டிருந்தார். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பேனாவுமாக வந்தார். "சார், அடியில ஒரு நெம்பர் ஓடுதுங். நான் ஒண்ணு எழுதறதுக்குள்ள அது ஓடிப்போயிருதுங். எழுதிக் குடுங்" என்றார்.

"ஏங்க்கா, மகளிர் ஸ்டேஷனுக்குப் போகலாமே" என்றேன்.

"போனமுங். போன்ல கூப்பிட்டாங்க. வர்றேன்னாரு. வந்தாலும் அங்க தலையாட்டிப்போட்டு வெளிய வந்தா போயிருவாருங். அந்தம்மா கேட்டா சொல்லுவாரு."

"அது எப்படி?"

"ஊரே பாக்குதில்லைங்?"

அவர் எதைத் தேடினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தீர்ப்பை அல்ல, சாட்சியை. ஊர் பார்க்கும்போது சொல்லப்பட்ட சொல்லை மாற்ற முடியாது என்பது இந்தச் சமவெளியின் பழைய நம்பிக்கை. கோயில் முன்னால் கற்பூரம் அணைப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெட்டி அதை ஒரு தெருவிலிருந்து ஒரு மாநிலத்துக்குப் பெரிதாக்கியிருந்தது. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் பேச்சு நடந்தது. மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"நீ போறதுன்னா போ. என்னையக் கூட்டிட்டுப் போவாத. எம் பேரையும் சொல்லாத."

"புள்ளைங்களப் பாத்தாத்தான் சாமி அவருக்கு மனசு எளகும்" என்றார் அம்மா.

"அவருக்கு மனசு எளகறதுக்கு நான் டிவியில அழோணுமா?"

யாரும் பேசவில்லை. பக்கத்துப் பட்டறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா போகவில்லை. எண் எழுதிய தாள் ஆணியில் வெகுநாள் தொங்கியது. கணவர் மறு ஆடிக்கு அவராகவே வந்தார். பதினைந்து நாள் இருந்தார், போனார். தீர்ந்தது என்று சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பதில் இருப்பதைப் பிற்பாடு ஒரு வழக்கறிஞர் நண்பர் காட்டினார். இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, இத்தகைய வழக்குகளை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்கிறது. உயர்நீதிமன்றத்தின், உச்சநீதிமன்றத்தின் தீர்ப்புகளை நீதிமன்ற அனுமதியோடு வெளியிடுவதைத் தவிர, நடவடிக்கைகளை அச்சிடுவதும் வெளியிடுவதும் குற்றம். கணவன் மனைவிச் சண்டைக்குக் கதவைச் சாத்துவதுதான் கண்ணியம் என்று சட்டம் நினைக்கிறது. கதவைத் திறந்தால்தான் நியாயம் என்று அந்த அக்கா நினைத்தார். இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது. கதவு யாருக்காகத் திறக்கிறது, யார் அதன் வழியாகத் தெரிகிறார்கள் என்பதில்தான் சிக்கல். அந்த அரங்கில் இரண்டு தரப்பு உண்டு. பிள்ளைகள் எந்தத் தரப்பும் அல்ல. அவர்கள் ஆதாரம்.

முகம் தெரிவது இந்தப் பகுதியில் சிறிய விஷயமுமல்ல. அதே ஆண்டுகளில் இங்கே என்ன நடந்தது என்பதை வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2010இல் வெளிவந்த 'மாதொருபாகன்' நாவலுக்காக 2015 ஜனவரியில் பெருமாள்முருகனை நாமக்கல்லில் ஓர் 'அமைதிப் பேச்சுவார்த்தை'க்கு உட்கார வைத்தார்கள். அதுவும் ஒரு பஞ்சாயத்துதான். எழுத்தாளர் தன் சாவை அறிவித்துவிட்டு ஊரைவிட்டுப் போனார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை மறுபடி எழுதச் சொன்னது. கற்பனையான ஒரு பிள்ளையில்லாத தம்பதியரின் அந்தரங்கம் ஊரின் மானத்தைக் கெடுத்துவிட்டது என்று கடையடைப்பு நடந்த திருச்செங்கோட்டில், மாலையானால் பெயரும் முகமும் உள்ள உண்மையான தம்பதியரின் அந்தரங்கத்தை வீடுதோறும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குக் கடையடைப்பு இல்லை. அது வேறு ஊர்க்காரர்களுடையது, பெரும்பாலும் ஏழைகளுடையது. 2015 ஜூனில் அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் ஒரு பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டு, உடல் பள்ளிபாளையத்துக்கருகே தண்டவாளத்தில் கிடந்தது. அதற்குப் பிறகு, காதல் திருமணம் செய்துகொண்ட ஜோடி எதுவும் திரையில் வந்து உட்கார்ந்தால், எனக்கு முதலில் தோன்றியது அவர்கள் எந்த ஊருக்குத் திரும்பிப் போவார்கள் என்பதுதான்.

கேலி வேறு வழியாக வந்தது. லட்சுமி ராமகிருஷ்ணன் வருத்தத்தில் சொன்ன 'என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா' என்ற வாக்கியத்தை, வேறொரு தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சியில் பெண் வேடமிட்ட கலைஞர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அது பரவியது. 2016 பொங்கலுக்கு வந்த 'ரஜினிமுருகன்' படத்தில் பாட்டாகவே ஆயிற்று. அவர் தன் எதிர்ப்பைச் சொன்னார், அதற்கும் சிரித்தார்கள். நடுவர் நாற்காலியில் இருந்த எந்த ஆணின் வாக்கியமாவது இப்படிப் புடவை கட்டி ஆடவிடப்பட்டதா என்று யோசிக்கிறேன். கோபிநாத்தின் கோட்டைக் கேலி செய்தார்கள், உண்மைதான். ஆனால் கோட்டுக்கும் குரலுக்கும் வேறுபாடு உண்டு. நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்க வேண்டிய உண்மையான கேள்விகள் அத்தனையும் இந்தச் சிரிப்பில் அடித்துக்கொண்டு போயின.

கேள்விகள் நீதிமன்றத்தில் எழுந்தன. ஏழைகளின் அந்தரங்கம் காட்சிப்பொருளாகிறது என்று தொடுக்கப்பட்ட வழக்கில் 2018இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே 2018இல் அமெரிக்காவில் ஜெர்ரி ஸ்பிரிங்கரின் நிகழ்ச்சி 27 ஆண்டுகளுக்குப் பின் முடிவுக்கு வந்தது தற்செயல்தான். அந்த மனிதர் ஒரு காலத்தில் சின்சினாட்டி நகர மேயர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மறு ஆண்டு பிரிட்டனில், ஒளிப்பதிவில் கலந்துகொண்ட ஒருவர் சில நாட்களில் இறந்துபோனதையடுத்து ஜெரமி கைலின் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. ஆனால் ஸ்பிரிங்கரிடம் போனவர்கள் பெரும்பாலும் வேடிக்கைக்காகப் போனார்கள், அவரும் அதை மறைக்கவில்லை. நம்மிடம் போனவர்கள் வேறு போக்கிடம் இல்லாமல் போனார்கள். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போக்கிடம் இல்லாதவர்கள் என்பதாலேயே இன்னும் கூடுதலாகக் கவனித்திருக்க வேண்டும் என்பவர்களோடும் நான் சண்டை போடமாட்டேன்.

என்னை அவரைப் பற்றி எழுதவைத்தது நாற்காலி அல்ல, நாற்காலிக்கு வெளியே அவர் எடுத்த படங்கள். 2016இல் 'அம்மணி'. அந்த நிகழ்ச்சியின் வழியாகச் சந்தித்த ஒரு முதிய பெண்மணியிலிருந்து பிறந்த கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். குப்பை பொறுக்கி வாழ்ந்தாலும் யாரையும் சாராத அந்தக் கிழவியாக சுப்புலட்சுமி நடித்தார். பிள்ளைகள் பணத்துக்காகச் சுற்றும் மருத்துவமனைப் பணியாளர் சாலம்மாவாக லட்சுமியே நடித்தார். அரங்கில் ஒரு கிழவியிடம் என்ன கேட்கலாம்? மகன் சோறு போடுகிறானா என்று கேட்கலாம். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று கேட்க நேரம் இருக்காது. படத்தில் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டார். 2019இல் 'ஹவுஸ் ஓனர்', சென்னை வெள்ளத்தில் மறதிநோய்க் கணவனோடு வீட்டுக்குள் சிக்கிக்கொண்ட ஒரு மனைவி. என் கணக்கில் அவருடைய சிறந்த படம் அதுதான். அதில் பஞ்சாயத்தே கிடையாது.

2023இல் 'ஆர் யூ ஓகே பேபி?' வந்தது. சட்டப்படி அல்லாமல் ஒரு ஏழைத்தாயிடமிருந்து குழந்தையை வாங்கி வளர்க்கும் தம்பதியர். பெற்றவள் மனம் மாறிக் குழந்தையைக் கேட்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போகிறாள். அந்த நிகழ்ச்சியின் பெயர் 'சொல்லாததும் உண்மை'. அதை நடத்துபவராக வருவது லட்சுமி ராமகிருஷ்ணனே. தன் நாற்காலியைத் தானே செட் போட்டு, அதில் மறுபடி உட்கார்ந்து, எதிரில் கேமராவை வைத்திருக்கிறார். படம் ஆங்காங்கே பாடம் நடத்துகிறது, வசனங்கள் நீள்கின்றன. ஆனால் இந்தத் துணிச்சலைத் தமிழ்த் தொலைக்காட்சி நடுவர் வேறு எவரும் காட்டி நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு ராசிபுரம் நினைவுக்கு வந்தது. 2019 ஏப்ரலில் அங்கே ஓய்வுபெற்ற செவிலியர் உதவியாளர் ஒருவர் குழந்தை விற்பனை பற்றிப் பேசிய ஒலிப்பதிவு வெளியாகி, கைதுகள் நடந்து, விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. கொல்லிமலையின் ஏழைத்தாய்களைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம். தாய்கள் பேசி நான் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு பள்ளிபாளையம் போயிருந்தேன். அந்தத் தெருவில் பாதிப் பட்டறைகள் மூடிவிட்டன. அக்கா இன்னும் தார் சுற்றுகிறார். மகள் ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். மகள் வாங்கிக் கொடுத்த கைபேசியில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு யூடியூபில் பழைய பஞ்சாயத்து நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தொலைக்காட்சியுடையது என்று நான் கவனிக்கவில்லை. தடை வந்தாலும் நிகழ்ச்சி நின்றாலும் அந்த முகங்கள் அங்கேயே இருக்கின்றன. அன்று அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுக் குழந்தை இன்று கல்லூரிக்குப் போகும் வயதில் இருக்கும்.

"இப்ப நல்லாக் கேக்குதுங் சார்" என்றார் அக்கா, ஒயரைக் கழற்றி. "அப்பெல்லாம் பெரியவங்க சண்டை போடறதுதான் தெரிஞ்சுது. புள்ளைங்க என்னமோ வாயசைக்கும், என்னன்னே தெரியாது."

"என்ன சொல்றாங்க?"

"பெருசா ஒண்ணுமில்லீங். ஊட்டுக்குப் போலாங்குதுங்க."

ஒயரை மறுபடி காதில் செருகிக்கொண்டு தார்க்கட்டையை எடுத்தார்.